பழைய ஆல்டோவை தினமும் ஓட்டற மாதிரி தயார் பண்றது: எதுல முதல்ல கை வைக்கணும்?

தேரடிவாசி

வணக்கம். திருவொற்றியூர் தேரடியில இருந்து மாதவரம் வரைக்கும் தினமும் போய்வர ஒரு கார் தேவை. பார்த்து வெச்சிருக்கறது 2010 ஆல்டோ எல்எக்ஸ்ஐ. பெட்ரோல், ஏசி, பவர் ஸ்டியரிங். மீட்டர்ல 84,000 கி.மீ. காட்டுது, ரெண்டாவது ஓனர், 80,000 ரூபாய் சொல்றாங்க. ஆர்.சி. புதுப்பிச்சாச்சு, இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு. பெயிண்ட் பளபளன்னு இருக்கு, அடியில புதுசா கறுப்பு கோட்டிங்கும் அடிச்சிருக்காங்க. வண்டி விலை, வேலை எல்லாம் சேர்த்து 1,30,000க்குள்ள முடியணும். வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கறது? வாங்கினா எதுல முதல்ல பணம் போடறது?

காசிமேடு_டிங்கர்

தம்பி, அந்தப் புது கறுப்பு கோட்டிங்கைத்தான் முதல்ல சந்தேகப்படணும். விக்கற நேரத்துல அடிக்கிற கோட்டிங் அடியில துரு இருக்கும், இல்லன்னா பேட்ச் வெல்டிங் இருக்கும். துரு மேலயே அடிச்சா ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளயே தின்னும். ஆறு மாசத்துல கோட்டிங் தோலா உரியும், கூடவே தகடும் வரும்.

நம்ம ஏரியாவுல வண்டியோட ஆயுசு பாடியிலதான் இருக்கு. ஆல்டோ 796 சிசி இன்ஜினுக்கு சாமான் எங்கயும் கிடைக்கும், வேலை தெரிஞ்ச ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு. ஃப்ளோர் போன வண்டிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. எண்ணூர்ல இருந்து காசிமேடு வரைக்கும் கடலோரமா ராத்திரி நிக்கற வண்டியில உப்பு ஈரம் கதவுக்குக் கீழ இருக்கற ரன்னிங் போர்டு பெட்டிக்குள்ள போய் உட்காருது. பகல்ல மேல காயுது, உள்ள காயறதில்ல. அதனால வெளிய பெயிண்ட் நல்லா இருக்கறப்பவே உள்ளயிருந்து ஓட்டையாகும்.

ஒரு டார்ச், ஒரு சின்ன காந்தம், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டுப் போங்க. ஸ்க்ரூடிரைவர் பிடியால ரன்னிங் போர்டு அடிப்பக்கத்தை முன் வீல்ல இருந்து பின் வீல் வரைக்கும் ஒவ்வொரு விரக்கடையா தட்டிட்டே போங்க. நல்ல தகடு ‘டங்’னு சொல்லும். பட்டி பூசி மூடின இடம் ‘பொத்’னு சொல்லும், காந்தமும் அங்க ஒட்டாம வழுக்கும்.

அடுத்தது ஜாக் சோதனை. வண்டியில வர்ற ஜாக்கையே ஜாக் பாயிண்ட்ல குடுத்து அந்தப் பக்க டயர் லேசா தரையை விடற அளவுக்குத் தூக்குங்க. தூக்கின நிலையில அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்க. முன்ன மூடின மாதிரியே மூடினா பாடி கெட்டி. கதவு தட்டுச்சு, பிடிச்சுது, ஜாக் உள்ள அமுங்குச்சுன்னா விலை பேச வேண்டாம், திரும்பிடுங்க. இதைச் செய்யறப்ப யாரும் வண்டிக்குக் கீழ போகக்கூடாது.

அப்புறம் பானட்டைத் திறந்து முன் ஸ்ட்ரட் (முன் வீலைத் தாங்கற ஷாக் அப்சார்பர் தூண்) மேல் நட்டுகளைச் சுத்தி, பேட்டரி தட்டுக்கு அடியில, டிரைவர் கால்மிதியைத் தூக்கி ஃப்ளோர்ல, டிக்கியில ஸ்டெப்னி உட்கார்ற குழியில, பின் ஸ்பிரிங் உட்கார்ற இடத்துல பாருங்க. ரன்னிங் போர்டுல ஒரு சாண் ஓட்டைன்னா வெட்டி அடைச்சுக்கலாம். ஸ்ட்ரட் மேல் மேடையிலயோ பின் ஆக்சில் பிடிக்கிற இடத்துலயோ துரு தின்னிருந்தா அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். அங்க விட்டுப்போச்சுன்னா ஓட்டத்துல வீலே இடம் மாறும்.

ஸ்பேனர்12

டிங்கர் அண்ணன் சொன்னது தேறினா மட்டும் இன்ஜினுக்கு வாங்க.

“நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்க”ன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க; சூடா இருந்தா ஏதோ ஒண்ணு மறைக்கறாங்க, இன்னொரு நாள் காலையில போங்க. இன்ஜின் சில்லுனு இருக்கறப்ப மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். உள்ள பச்சையோ சிவப்போ கூலன்ட் இருந்தா சரி. காவி நிறத்துல தண்ணி இருந்தா வருஷக்கணக்கா பைப் தண்ணியில ஓடியிருக்கு, ரேடியேட்டரும் வாட்டர் பாடியும் (கூலன்ட்டைச் சுத்த விடற பம்ப்) செலவு வெக்கும். ஆயில் மூடி உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளைப் பசை படிஞ்சிருந்தா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும்.

சாவியை ஆன் பண்றப்ப மீட்டர்ல மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன்ல எரியவே இல்லன்னா பல்பைக் கழட்டியிருக்காங்க. இதை நிறைய பேர் பார்க்கறதே இல்ல.

ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு, ஆயில் ஊத்தற மூடியைத் திறங்க. லேசா மூச்சு விடற மாதிரி காத்து வந்தா பரவாயில்ல. புகையோட புசுபுசுன்னு அடிச்சா பேக் கம்ப்ரஷன், ரிங் தேய்ஞ்சிருக்கு. ஓட்டிப் பார்க்கறப்ப மூணாவது கியர்ல ஏத்தி, ஆக்சிலரேட்டரை விட்டு, திரும்ப மிதிங்க. அந்த நேரம் பின்னாடி நீலப்புகை வந்தா வால்வ் சீல்ல ஆயில் இறங்குது. வெள்ளைப் புகை காலையில முதல் நிமிஷம் வரலாம், சூடான பிறகும் நிக்காம வந்தா கூலன்ட் எரியுது.

சந்தேகம் வந்தா கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்க. மூணு பிளக்கையும் கழட்டி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு செல்ஃப் அடிக்கணும். மூணு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டணும். ஒண்ணு மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா அதுல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலன்னா வால்வ் அல்லது கேஸ்கெட்.

கிளட்ச்: சமதரையில ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்து, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே அணைஞ்சா பிளேட் பிடிக்குது. அணையாம சுத்திட்டே இருந்தா பிளேட் முடிஞ்சுது. துறைமுக ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல அரை கிளட்ச்லயே ஊர்ற வண்டிகளுக்கு இது சீக்கிரம் போயிடும். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வட்டம் போடறப்ப ‘டக் டக்’னு சத்தம் வந்தா வெளிப்பக்க ஆக்சில் ஜாயிண்ட்.

84,000 கி.மீ.ங்கற கணக்கை நம்பறதுக்கு பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட் ஓரம், கியர் குமிழ் மூணையும் பாருங்க. பெடல் ரப்பர் வழுவழுன்னு தேய்ஞ்சிருந்தா மீட்டர் பொய் சொல்லுது.

வாங்கினதும் இன்ஜின்ல முதல் வேலை டைமிங் பெல்ட், அதாவது கிராங்க்கையும் வால்வையும் ஒத்து ஓட வெக்கற பெல்ட். எப்போ மாத்தினாங்கன்னு பில் இல்லன்னா மாத்தலன்னுதான் எடுத்துக்கணும். வாய்வார்த்தை கணக்குல சேராது. பெல்ட்டோட டென்ஷனர், வாட்டர் பாடி, கிராங்க் முன் சீல், கேம் சீல் எல்லாத்தையும் ஒரே தடவையில போடுங்க. பிரிச்சு மாட்டற கூலி ஒண்ணுதான். பழைய வாட்டர் பாடியை விட்டு வெச்சா நாளைக்கு அது ஒழுகி புது பெல்ட் மேல கூலன்ட் விழும், மறுபடி மொத்தத்தையும் பிரிக்கணும்.

ஜீரோகேட்_கார்காரன்

இதோட தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடேறற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம நிறுத்தற வால்வ்) கழட்டிப் போட்டுடுங்க. சென்னை வெயிலுக்கு அது தேவையே இல்ல. ஃபேனை எப்பவும் ஓடற மாதிரி டைரக்ட் பண்ணிட்டா ஓவர்ஹீட்டே வராது, ட்ராஃபிக்குல நிம்மதி.

ஸ்பேனர்12

இல்ல தலைவா, இதுல நான் ஒத்துக்கமாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லன்னா இன்ஜின் சூடேறவே நேரமாகும். இது எம்பிஎஃப்ஐ வண்டி, பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். இன்ஜின் இன்னும் சில்லுனு இருக்குன்னு சென்சார் சொல்றவரைக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமா விட்டுட்டே இருக்கும். மைலேஜ் இறங்கும், பிளக் கறுப்பாகும், அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயில்ல கலக்கும். தேரடி, மாதவரம் மாதிரி குறைஞ்ச தூரம் ஓடற வண்டிக்கு இது இன்னும் மோசம்.

ஃபேனை டைரக்ட் பண்ணின வண்டியைப் பார்த்தா ஏன் பண்ணினாங்கன்னு கேளுங்க. சென்சார் போயிருக்கும், ரிலே போயிருக்கும், இல்லன்னா ரேடியேட்டர் அடைச்சிருக்கும். முதல் ரெண்டும் சின்னச் செலவு. மூணாவதை மறைச்சு வெச்சா ஹெட் வளையும். சரியான வேலை இதுதான்: பழைய தண்ணியை இறக்கி, நல்ல தண்ணி விட்டு ஓட்டி இறக்கி, தெளிவா வர்றவரைக்கும் திரும்பச் செய்யணும். புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட், பழைய மூடியில எழுதியிருக்கற அதே அழுத்தத்துக்குப் புது ரேடியேட்டர் மூடி. கூலன்ட் அடர்த்தியா வந்தா டப்பாவுல போட்டிருக்கற விகிதத்துக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்கணும். நம்ம ஊர் போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அலுமினியம் ஹெட்டை அரிச்சுடும். கடைசியில ஹீட்டரை முழுசா திறந்து வெச்சு இன்ஜினை ஓடவிட்டு காத்துக் குமிழி வெளியேறினப்புறம் மூடுங்க. ஃபேன் ரெண்டு தடவை தானா ஓடி நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.

ஜீரோகேட்_கார்காரன்

கார்பரேட்டர் வண்டியில பழக்கம், அதான் சொன்னேன். கம்ப்யூட்டர் கணக்கு புரியுது. பிரேக் பத்தி யாரும் சொல்லலையே?

ஸ்பேனர்12

முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். நாலு வீலையும் கழட்டிப் பார்க்காம பிரேக் நல்லா இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. பின் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டர் ரப்பர் ஓரத்தை லேசா நீக்குங்க. உள்ள ஈரம் தெரிஞ்சா ரெண்டு பக்கமும் மாத்திடுங்க. ஒழுகின எண்ணெய் ஊறின ஷூவைப் பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்டற பழக்கம் வேண்டாம், ஒரு பக்கம் இழுக்கும். காலிப்பர் பின் ரெண்டும் கையால அசையணும். உப்புக்காத்துல அது இறுகிட்டா ஒரு பேட் மட்டும் தேயும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சற பொருள். தேதி தெரியலன்னா முழுசா மாத்தணும், அரை லிட்டர் டப்பா வாங்கி வெச்சுக்குங்க, மூடியில போட்டிருக்கற டாட் எண்ணைப் பார்த்து வாங்குங்க. மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரத்துல இருக்கற பின் இடது வீல்ல ஆரம்பிச்சு, பின் வலது, முன் இடது, முன் வலதுன்னு காத்து எடுங்க. நடுவுல மாஸ்டர் சிலிண்டர் மேல இருக்கற ஆயில் டப்பா காலியாக விடக்கூடாது.

டயர் 145/80 ஆர்12. டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும். 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். ஆறேழு வருஷம் தாண்டினா பூ நிறைய இருந்தாலும் ரப்பர் காய்ஞ்சிருக்கும், மழையில பிடிக்காது. நாலு டயரும் பேட்டரியும் சேர்ந்தாலே ஏறக்குறைய 15,000 ரூபாய் ஆகும், அதை இப்பவே கணக்குல எடுத்து வெச்சு விலை பேசுங்க.

மணலி_வயரிங்

பேட்டரி மாத்தறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க. “செல்ஃப் இழுக்குது”ன்னு வர்ற கடலோர வண்டிகள்ல பாதிக்கு மேல எர்த் கேபிள்தான் காரணம். மீட்டரை 2 வோல்ட்ல வெச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸ் குமிழ்லயே வைங்க, கிளாம்ப் மேல வெக்காதீங்க. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்ல, பெயிண்ட் இல்லாத போல்ட்ல. ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் கெட்டுப்போச்சு. ரெண்டு முனையையும் கழட்டி, உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியறவரைக்கும் தேய்ச்சு, இறுக்கினப்புறம் மேல வாஸ்லின் தடவுங்க. இறுக்கறதுக்கு முன்னாடி தடவக்கூடாது.

பேட்டரி: ராத்திரி முழுக்க நின்ன பிறகு 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது, முழு சார்ஜ்னா 12.6. செல்ஃப் அடிக்கறப்ப 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட நிலையில 13.5க்கும் 14.5க்கும் நடுவுல இருந்தா ஆல்டர்னேட்டர் சரி.

பழைய ஓனர் மாட்டின ஹாரன், ஸ்டீரியோ, ஃபாக் லைட் வயரை எல்லாம் தேடுங்க. ஃப்யூஸ் இல்லாம பேட்டரியில இருந்து நேரா இழுத்திருந்தா அன்னிக்கே கழட்டணும். 15 ஆம்பியர் இடத்துல 30 போட்டிருந்தா வயர்தான் ஃப்யூஸா எரியும். ஹெட்லைட்டுக்கு 100/90 பல்ப் போட்டிருந்தா ஹோல்டர் உருகியிருக்கும், 60/55க்கே திரும்பிடுங்க.

ஏசிக்கு ஒரு வார்த்தை. “வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்”னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அது மூடின சுத்து, கேஸ் செலவாகறதில்ல. குறைஞ்சுதுன்னா எங்கயோ கசியுது. நம்ம பக்கம் உப்பும் சாம்பலும் படிஞ்சு முன்னாடி இருக்கற கண்டென்சர்தான் முதல்ல ஓட்டையாகும். நைட்ரஜன் அடிச்சுக் கசிவு பார்த்து, அரை மணி நேரம் வாக்குவம் போட்டு, எடை பார்த்து 134ஏ கேஸ் விடற கடையில மட்டும் குடுங்க.

எர்ணாவூர்_அக்கா

வெள்ளத்துல நின்ன வண்டியாங்கறதையும் பார்த்துடுங்க தம்பி. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் முங்கின வண்டிகள் இன்னும் கை மாறிட்டுத்தான் இருக்கு. சீட் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுங்க, சுருள்ல கடைசியா இருக்கற பட்டையில சேத்துக்கறை கோடா தெரியும். யாரும் அதுவரைக்கும் கழுவறதில்ல. சீட் தண்டவாள போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற இரும்புப் பட்டை, ஹெட்லைட் உள்பக்கம் பாருங்க.

2023ல எண்ணூர் முகத்துவாரப் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துது. அதுல நின்ன வண்டியில அடிப்பாகமெல்லாம் பிசுபிசுன்னு கறுப்புப் படலம் இருக்கும், லோயர் ஆர்ம் புஷ், ஆக்சில் பூட் ரப்பரெல்லாம் ஊதி மெத்துன்னு ஆயிருக்கும். புதுக் கோட்டிங் அடிச்சாலும் ரப்பர் காட்டிக்குடுத்துடும். கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க.

பேசின்பிரிட்ஜ்_ஃபைல்

காகித வேலை. பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அரசோட பரிவாகன் வெப்சைட்ல வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி. எதுவரைக்கும் செல்லும், கடன் நிலுவை இருக்கா, சலான் பாக்கி இருக்கா மூணையும் பாருங்க. 15 வருஷம் தாண்டி 20 வருஷத்துக்குள்ள இருக்கற காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க மட்டும் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. “புதுப்பிச்சாச்சு”ன்னு சொல்றதை அட்டையில தேதி பார்த்து உறுதி பண்ணுங்க. ஆர்.சி.யில கடன் குடுத்த பேங்க் பேர் இருந்தா, கடன் முடிஞ்சுதுன்னு பேங்க் குடுக்கற என்ஓசியும் அந்தப் பேரை நீக்கற படிவம் 35ம் இல்லாம நகராதீங்க.

பெயர் மாத்த படிவம் 29, 30. விக்கறவர் 14 நாளுக்குள்ள தெரிவிக்கணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள. “அப்புறம் மாத்திக்கலாம்”னு ஓப்பன் கையெழுத்து வாங்கி வெச்சு ஓட்டறது ரெண்டு பேருக்குமே ஆபத்து. 1000 சிசிக்குள்ள காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய், வரி தனி. அதை எடுக்காம வண்டியை ரோட்டுக்கே கொண்டு வராதீங்க. சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்து ஆர்.சி.யோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. இன்ஜின் நம்பரும் அப்படியே. வேற இன்ஜின் இறக்கியிருந்தா ஆர்.டி.ஓ.வுல பதிவு ஆயிருக்கணும்.

டெல்லி வண்டி மலிவா கிடைக்குதேன்னு யாராவது இழுத்தா, அந்த ஊர் ஆர்.டி.ஓ. என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டு சாலை வரி எல்லாம் கூட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க.

தேரடிவாசி

எல்லாருக்கும் நன்றி. பார்த்துட்டு வந்தேன். சில் ஸ்டார்ட் நல்லா இருக்கு, புகை இல்ல, இன்ஜின் விளக்கு எரிஞ்சு அணையுது. கம்ப்ரஷன் மூணும் கிட்டத்தட்ட சமம். தெர்மோஸ்டாட் இல்ல, ஃபேன் டைரக்ட், தண்ணி காவி. சீட் பெல்ட் சுத்தம். டயர் நாலும் 2016. ஸ்ட்ரட் மேடை ரெண்டும் ‘டங்’னு சத்தம், பின்னாடியும் சரி. இடது ரன்னிங் போர்டுல பின் வீல் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ‘பொத்’னு இருக்கு. ஜாக் வெச்சுத் தூக்கினப்ப கதவு சரியா மூடுச்சு. விலை 80ல இருந்து 62,000க்கு வந்திருக்காங்க. எடுக்கலாமா? அந்த ஓட்டையை எப்படிச் செய்யச் சொல்றது?

காசிமேடு_டிங்கர்

எடுங்க. ஸ்ட்ரட் மேடையும் பின்பக்கமும் கெட்டியா இருக்கறதால இது செய்யத் தகுந்த வண்டி.

வேலைக்கு விடறப்ப இதைச் சொல்லிக் குடுங்க. முதல்ல பேட்டரி ரெண்டு டெர்மினலும் கழட்டணும், கம்ப்யூட்டர் பிளக்கையும் கழட்டணும். வெல்டிங் கரென்ட் அதுல பாஞ்சா போச்சு. கார்ப்பெட்டையும் அடியில இருக்கற பஞ்சையும் எடுத்துடணும். பெட்ரோல் குழாய் ஃப்ளோர் அடியிலதான் ஓடுது, எங்க போகுதுன்னு பார்த்து நனைச்ச சாக்கு போட்டு மூடணும், பக்கத்துல தண்ணியும் தீயணைப்பானும் இருக்கணும்.

பழைய தகடு மேலயே புதுத் தகடு ஒட்டற வேலைக்கு ஒத்துக்காதீங்க. வெள்ளை உலோகம் வர்றவரைக்கும் துருவை வெட்டி எடுத்து, 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்புத் தகடுல அதே வளைவு அடிச்சு, சி.ஓ.டூ வெல்டிங்ல ரெண்டு செ.மீ. துண்டு துண்டா இடம் மாத்தி மாத்தி ஓட்டணும். தொடர்ந்து ஓட்டினா தகடு நெளியும். ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிசு தகட்டைப் பொத்துடும். தேய்ச்சு முடிச்சு ஜிங்க் பிரைமர், இணைப்புல சீலர், அப்புறம்தான் கோட்டிங். பக்கத்துல இருக்கற புதுக் கறுப்பு கோட்டிங்கையும் ஒரு முழம் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்க.

கொருக்குப்பேட்டை_கேட்

உள்பக்கத்துக்குக் கழிவு இன்ஜின் ஆயில் அடிச்சா போதும்னு எங்க தெருவுல சொல்றாங்க, சரியா?

காசிமேடு_டிங்கர்

வேண்டாம். கழிவு ஆயில்ல அமிலம் இருக்கு, ரப்பர் புஷ்ஷை ஊற வெச்சுடும், மழையில சொட்டித் தெருவுல ஓடும். கேவிட்டி வாக்ஸ்னு ஸ்பிரே கிடைக்குது, நீளக் குழாயோட வரும். ரன்னிங் போர்டுல இருக்கற ரப்பர் மூடியைக் கழட்டி உள்ள விட்டு, பின்னுக்கு இழுத்துட்டே அடிக்கணும். வெல்டிங் சூடு ஆறினப்புறம், உள்ள நல்லா காய்ஞ்ச ஒரு வெயில் நாள்ல அடிங்க.

பெரம்பூர்_பெட்ரோல்

ஒண்ணு விட்டுப்போச்சு. இப்போ பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல். 2010 வண்டியோட ரப்பர் குழாய் அதுக்காகச் செஞ்சது கிடையாது. டேங்க்ல இருந்து ஃபில்டர், ஃபில்டர்ல இருந்து இன்ஜின் வரைக்கும் இருக்கற ரப்பர் துண்டுகளை மடக்கிப் பாருங்க. வெடிப்பு தெரிஞ்சா ஃப்யூயல் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்குச் செஞ்ச குழாய்தான் போடணும், சாதா பெட்ரோல் டியூப் கூடாது. கிளாம்ப்பும் புதுசு. கூடவே ஃப்யூயல் ஃபில்டர். கழட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு இன்ஜின் தானா அணையறவரைக்கும் ஓடவிடுங்க, இல்லன்னா அழுத்தத்துல பெட்ரோல் மூஞ்சியில அடிக்கும்.

தேரடிவாசி

குறிச்சுக்கிட்டேன். புதுப்பேட்டையில பழைய சாமான் எதெல்லாம் வாங்கலாம்?

ஸ்பேனர்12

கதவுக் கண்ணாடி, சைடு மிரர், டெயில் லைட், சீட், வீல் டிஸ்க், பம்பர், கதவுக் கைப்பிடி இதெல்லாம் தாராளமா வாங்கலாம். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் பெஞ்ச்ல ஓட்டிக் காட்டினா வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங், ரப்பர், பெல்ட், கிளட்ச், ரேடியேட்டர் எதுவும் பழசு வேண்டாம். புது சாமானுக்கு ஜி.பி. ரோட்டுக்குப் போறப்ப சேசிஸ் நம்பரை எழுதி எடுத்துட்டுப் போங்க, பழைய சாமானையும் கையில கொண்டு போங்க. ஆல்டோவுல வருஷத்துக்கு வருஷம் சின்ன மாற்றம் இருக்கு.

உங்க வரிசை இப்படிப் போகட்டும்: தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், பிரேக், கூலிங்கும் டைமிங் பெல்ட்டும் ஒரே கழட்டல்ல, டயர், பெட்ரோல் குழாய், எர்த், ரன்னிங் போர்டு. ஏசி கடைசியா. மணலி ரோட்டு சாம்பல்ல ஓடறதால ஏர் ஃபில்டரை 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

எர்ணாவூர்_அக்கா

மழைக்காலத்துல கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்துல தண்ணியில அணைஞ்சா திரும்ப செல்ஃப் அடிக்கவே கூடாது தம்பி. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராட் வளைஞ்சுடும். தள்ளி வெளிய கொண்டு வந்து, மூணு பிளக்கையும் கழட்டினப்புறம்தான் சுத்திப் பார்க்கணும்.

தேரடிவாசி

சரிக்கா. ரன்னிங் போர்டுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை வரிசையா இருந்துதே, அதையும் வெல்டிங்ல அடைக்கச் சொல்லணுமா?

காசிமேடு_டிங்கர்

அடைக்கவே கூடாது. அது தண்ணி வடியற ஓட்டை, கம்பெனியே வெச்சது. பழைய கோட்டிங்ல அதை அடைச்சிருப்பாங்க, அந்த இடத்துல ‘பொத்’னு ஆனதுக்கு அதுவும் காரணமா இருக்கும். வேலை முடிஞ்சு வண்டி எடுக்கறப்ப ஒரு ஸ்போக்ஸ் கம்பியை ஒவ்வொண்ணுலயும் விட்டுப் பாருங்க, உள்ள போகணும். அதுக்கப்புறம் மழைக்கு முன்னாடி ஒரு தடவை, தை மாசம் ஒரு தடவை அதே மாதிரி குத்தி விடுங்க.